வெள்ளம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை

ஏரியின் மீன்பிடிப் பாட்டில் ஊன்றிய வலைக்கம்பைக் கையால் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கடலேற்றம் வேகமாக உள்ளே வரும் நேரத்தில் கம்பு சும்மா நிற்காது, கையில் அதிரும். கம்புக்குப் பின்னால் நீர் ஒரு தரம் வலப்பக்கம், ஒரு தரம் இடப்பக்கம் என்று மாறி மாறிச் சுழித்துக்கொண்டு போகும். கம்பின் பருமன் 8 சென்டிமீட்டர், நீரின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சுழிகள் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் தடவை கழன்று போகும். வேகத்தைப் பருமனால் வகுத்து 0.2-ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த எண் வரும்.

திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடக் கற்பவர்களுக்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் ஆரம்பப் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. ஓடும் நீரில் ஓர் உருளையை நிறுத்து, பின்னால் என்ன நடக்கிறது என்று சொல். புத்தகத்துப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் இதற்குத் தடுமாறுகிறார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இது அன்றாடம் கண்ணில் படுகிற விஷயம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று எந்த ஊரில் இருந்தாலும், இந்தப் படிப்பை எடுக்கலாமா என்று யோசிக்கும் மாணவர்களுக்கும் அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

துறையின் முழுப்பெயர் கம்ப்யூட்டேஷனல் ஃபுளூயிட் டைனமிக்ஸ். வேலை செய்யும் இடங்களில் எல்லோரும் சி.எஃப்.டி. என்றுதான் சொல்வார்கள். நீரோ காற்றோ ஓடும் இடத்தை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு சூடு கூடவே போனது என்று கணினியை வைத்துக் கணக்குப் பார்ப்பது இந்த வேலை. மூலச் சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. பிரான்ஸின் நாவியேர், பிரிட்டனின் ஸ்டோக்ஸ் இருவர் பெயரிலும் வழங்கும் அவற்றுக்கு மூன்று பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்கான தீர்வு இருக்குமா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிப்பவருக்கோ மறுப்பவருக்கோ 10 லட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்தது. பரிசு அப்படியே இருக்கிறது.

ஏரிக்கு அந்தப் பக்கம்

படகில் நின்று வடகிழக்கே பாருங்கள். ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக்கொண்டு நீளமாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வருவதால், அந்த இடம் நம் ஊர்க்காரர்களுக்கு வேலை நிற்கும் நாளாகவே பழக்கம். அங்குள்ள ஏவுதளத்துக்கு 2002-இல் சதீஷ் தவான் பெயர் வைக்கப்பட்டது. அவர் இஸ்ரோவை 1972 முதல் 1984 வரை தலைமையேற்று நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியும். கொந்தளிக்கும் ஓட்டத்தை ஆராய்வதே அவருடைய சொந்தத் துறை என்பது அவ்வளவாகத் தெரியாது.

ஒரு பரப்பை ஒட்டி ஓடும் காற்று, முதலில் அடுக்கடுக்காக அமைதியாகப் போகிறது. பிறகு ஆங்காங்கே கொந்தளிப்புத் திட்டுகள் தோன்றிப் பரவி, கடைசியில் முழுக்கக் கொந்தளிக்கிறது. நடுவே உள்ள அந்த இடைநிலையில், ஒரு புள்ளியில் எவ்வளவு நேரம் கொந்தளிப்பு, எவ்வளவு நேரம் அமைதி என்பதைக் கணக்காக்கி, தவானும் அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மாவும் 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த இடைநிலையைக் கணினியில் மாடல் செய்கிறவர்கள் இன்றும் அந்தச் சூத்திரத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். தவான் பறவைகள் பறக்கும் விதத்தைப் பற்றியும் 1991-இல் ஒரு நூல் எழுதினார். பூநாரை வரும் ஏரிக்கரையில் உள்ள ஏவுதளத்துக்கு அவர் பெயர் வைத்தது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

இஸ்ரோவின் திருவனந்தபுரம் மையமான விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சொந்தமாக ஒரு சி.எஃப்.டி. மென்பொருள் எழுதி 2024-இல் அறிவித்தது. அதன் பெயர் ‘ப்ரவாஹா’, வடமொழியில் ஓட்டம் என்று பொருள். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தில், ராக்கெட், வீரர்கள் அமரும் கலம், ஆபத்தில் அவர்களைப் பிரித்துத் தூக்கிச் செல்லும் அமைப்பு ஆகியவற்றின் மேல் காற்று தரும் அழுத்தத்தையும் சூட்டையும் கணக்கிட இதைப் பயன்படுத்துகிறார்கள். 2023 அக்டோபர் 21-ஆம் தேதி அந்தத் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தபோது, கலம் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு 10 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இறங்கியது. நம் ஆட்கள் மீன் பிடிக்கும் அதே கடல்தான். இந்தத் துறை எங்கோ இருப்பதாக நினைக்க வேண்டாம்.

கொந்தளிப்பு ஏன் இவ்வளவு கஷ்டம்

பிளஸ் ஒன் இயற்பியலில் ‘பருப்பொருளின் பண்புகள்’ பாடத்தைத் திறந்து பாருங்கள். வரிச்சீர் ஓட்டம், சுழற்சி ஓட்டம், ரெனால்டு எண் என்று சில பக்கங்கள் இருக்கும். தேர்வில் சில மதிப்பெண்ணுக்கு வரும் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் பகுதி. இந்தத் துறையில் சோறு போடுவது அந்தப் பக்கங்கள்தான்.

ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் கண்ணாடிக் குழாயில் நீரை ஓடவிட்டு, நடுவே சாயத்தை இழையாக விட்டார். மெதுவாக ஓடும்வரை சாயம் ஒரே கோடாகப் போனது. வேகம் கூடியதும் கோடு கலைந்து குழாய் முழுக்கப் பரவியது. வேகம், அளவு இரண்டையும் பெருக்கி, நீரின் பாகுநிலை சார்ந்த ஓர் எண்ணால் வகுத்தால் வருவது அவர் பெயரிலான எண். குழாயில் அது ஏறக்குறைய 2,000-ஐத் தாண்டினால் கொந்தளிப்பு தலைகாட்டத் தொடங்கும்.

இப்போது நம் முகத்துவாரத்துக்குப் போடுவோம். ஆழம் 2 மீட்டர், வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால் எண் 20 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பெரிய கொந்தளிப்பில் ஆளையே இழுக்கும் சுழி முதல் மில்லிமீட்டருக்கும் குறைந்த சுழி வரை எல்லாம் கலந்து கிடக்கும். எதையும் விடாமல் எல்லாச் சுழியையும் கணக்கிட எத்தனை கட்டம் வேண்டும் என்று பார்த்தால், சுமார் 150 லட்சம் கோடி வருகிறது. எந்தக் கணினியாலும் அதை அன்றாட வேலையாகச் செய்ய முடியாது.

அதனால்தான் ‘டர்புலன்ஸ் மாடல்’ என்று ஒன்று வந்தது. இன்று என்ன மீன்பாடு என்று கேட்டால் நாளுக்கு நாள் மாறும். மாதச் சராசரி என்ன என்று கேட்டால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதேபோல ஒவ்வொரு சுழியையும் விட்டுவிட்டு, சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டு, சுழிகளால் என்ன கூடுதல் கலப்பு நடக்கிறது என்பதை ஒரு மதிப்பீடாகச் சேர்ப்பது ரான்ஸ் முறை. தொழிற்சாலைகளில் நடக்கும் கணக்கில் பெரும்பகுதி இதுதான். லாண்டர், ஸ்பால்டிங் இருவரும் 1974-இல் எழுதிப் பரவலாக்கிய கே-எப்சிலான், மென்டர் 1994-இல் வெளியிட்ட கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. இரண்டும் நேர்காணலில் கட்டாயம் கேட்கப்படும். பெரிய சுழிகளை நேரடியாகக் கணக்கிட்டு, சின்னவற்றை மட்டும் மதிப்பிடும் எல்.இ.எஸ். முறைக்கு 1963-லேயே அடித்தளம் போட்டவர் வானிலை விஞ்ஞானி ஸ்மகோரின்ஸ்கி. அது துல்லியமானது, ஆனால் செலவு அதிகம். எங்கே எது போதும் என்று சொல்லத் தெரிவதற்குத்தான் சம்பளம்.

சூடும் இதோடு சேர்ந்தே வரும். குழாய்க்குள் நீர் ஓடுகிறது, சுவரிலிருந்து சூடு நீருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அமைதியான ஓட்டமாக இருந்தால் வெப்பம் கடத்தும் திறனைக் காட்டும் நஸல்ட் எண் 4-ஐ ஒட்டி நிற்கும். ரெனால்டு எண் 20,000 உள்ள கொந்தளிப்பானால், 1930-இலிருந்து புழங்கும் டிட்டஸ்-போல்ட்டர் சூத்திரப்படி அது 120-ஐ ஒட்டி வரும். முப்பது மடங்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மென்பொருளில் ‘லேமினார்’ என்று இருந்த தேர்வை மாற்ற மறந்து ஒரு குளிர்விப்பானைக் கணக்கிட்டேன். படம் அழகாகத்தான் வந்தது. மூத்த பொறியாளர் என் திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு தாளில் மூன்று வரி கணக்குப் போட்டுவிட்டு, “தம்பி, உன் நஸல்ட் எண்ணைச் சொல்லு” என்றார். சொன்னேன். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து கையால் கணக்குப் போடாமல் நான் கணினியைத் தொடுவதில்லை.

ஐஸ் பெட்டியில் தொடங்குங்கள்

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, மென்பொருளைக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைப்பது. சில வாரத்தில் சி.எஃப்.டி. கற்றுத் தருகிறோம் என்று பணம் வாங்கும் பயிற்சி மையங்கள் பட்டனை எங்கே அழுத்துவது என்று சொல்லித் தருவார்கள். அதற்காக வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டாதீர்கள். வீட்டிலேயே தொடங்க ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம். ஆறு பக்கமும் சேர்ந்து பரப்பு 3.12 சதுர மீட்டர். சுவரில் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல். வெளியே 32 டிகிரி, உள்ளே ஐஸ் இருப்பதால் 0 டிகிரி. தெர்மோகோலின் வெப்பக் கடத்து எண் சுமார் 0.035. பெருக்கி வகுத்தால் உள்ளே நுழையும் வெப்பம் 70 வாட். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் தேவை. ஆக மணிக்கு முக்கால் கிலோ, ஒரு நாளைக்குச் சுமார் 18 கிலோ ஐஸ் சுவர் வழியாகப் போகும் சூட்டுக்கு மட்டுமே போய்விடுகிறது. மீனைக் குளிர்விக்க வேண்டியது தனி.

இப்போது இரண்டு பெட்டியில் சமமாக எடை போட்டு ஐஸ் வையுங்கள். ஒன்றை நிழலிலும் ஒன்றை வெயிலில் காற்றுபடும் இடத்திலும் வைத்துவிட்டு, ஆறு மணி நேரம் கழித்து மிச்சத்தை எடை போடுங்கள். உங்கள் கணக்கும் தராசும் எவ்வளவு விலகுகின்றன? மூடியின் இடுக்கு வழியாகக் காற்று போகிறதா, மூடியில் வெயில் எவ்வளவு ஏறுகிறது, வெளியே அடிக்கும் காற்றின் வேகம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடுவீர்கள். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு நடத்தும் வெப்ப மாற்றப் பாடம் இதுதான். இந்தச் சோதனையை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கும் மாணவரை, வண்ணப் படம் மட்டும் கொண்டு வருகிறவருக்கு முன்னால் நான் வேலைக்கு எடுப்பேன். உண்மையாகவே சொல்கிறேன்.

கைக்கணக்கு பழகிய பிறகு மென்பொருளுக்கு வரலாம். ஓபன்ஃபோம் 2004-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, லினக்ஸ் போட்ட சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஃபாஸி திட்டம் இதற்குப் பயிற்சிப் பாடங்கள் வைத்திருக்கிறது, மாணவர்கள் செய்யும் ஆய்வுகளையும் வெளியிடுகிறது. கம்பெனிகளில் அதிகம் புழங்கும் ஆன்சிஸ் ஃபுளூயன்ட்டுக்கு மாணவர் பதிப்பு இலவசம், கட்டங்களின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு உண்டு. திருட்டுப் பிரதி தேவையே இல்லை. பாடத்துக்கு என்.பி.டி.இ.எல். வீடியோக்கள். புத்தகம் ஒன்று வாங்கினால் போதும் என்றால் சுஹாஸ் படங்கர் 1980-இல் எழுதியதை வாங்குங்கள். ஐ.ஐ.டி. பாம்பேயில் படித்து வெளிநாடு போன அவரும் ஸ்பால்டிங்கும் 1972-இல் உருவாக்கிய ‘சிம்பிள்’ என்ற தீர்வுமுறை இன்றும் பெரிய மென்பொருள்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்த வழியாகப் போவது

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டும் வேண்டும். இதில் சமரசம் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இலிருந்து இருக்கிறது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். இந்த மூன்றையும் பற்றித் தலைமையாசிரியரிடம் பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்டுச் சான்றிதழ்களைத் தயார் செய்துவிடுங்கள்.

பொறியியலில் மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ், கெமிக்கல், சிவில் எதிலிருந்தும் இங்கே வரலாம். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். கட்ஆஃப் எட்டினால் வேறு யோசனை வேண்டாம். பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். பொன்னேரி அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்தில் கணிதமோ இயற்பியலோ எடுத்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. போகிறவர்கள் உண்டு. கணிதத்திலிருந்து வந்தவர்கள் பல சமயம் எங்களைவிட நன்றாக நிரல் எழுதுகிறார்கள்.

மேற்படிப்புக்கு கேட் தேர்வு. எக்ஸ்.இ. என்ற தாளில் ஃபுளூயிட் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ் இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம், வளிமண்டலம்-கடல் அறிவியல் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஓஷன் இன்ஜினியரிங் துறையே தனியாக உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ நடத்தும் யுவிகா முகாமுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவை ஒட்டி நடக்கும் ஐ.ஐ.எஸ்.டி.யில் இளநிலைப் படிப்புக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் வழியாகத்தான் இடம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகுநிலை என்று கற்றதை விஸ்காசிட்டி என்றும், வெப்பச் சலனத்தை கன்வெக்‌ஷன் என்றும் ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையாக எழுதி வையுங்கள். ஒரு நூறு சொல் போதும், முதலாண்டு பயம் போய்விடும். பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

வேலை எங்கே? சென்னையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வாகன ஆலைகளுக்கு இன்ஜின் குளிர்விப்பு, ஏ.சி., இப்போது பேட்டரிச் சூடு. அம்பத்தூர், சிறுசேரி டேட்டா சென்டர்களுக்கு ஆயிரக்கணக்கான கணினிகளின் சூட்டை எந்தக் காற்றோட்டம் வெளியேற்றும் என்ற கணக்கு. கோயம்புத்தூர் பம்ப் தொழில். நமக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம். அரசுப் பக்கம் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும், ஹைதராபாத்தில் இன்காய்ஸ், புனேயில் 1916 முதல் இயங்கும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம். நம் ஆட்களின் போனுக்கு மீன் கிடைக்கும் பகுதி, அலை எச்சரிக்கை என்று வரும் செய்திகளை அனுப்புவது இன்காய்ஸ்தான். அரசு நிறுவனங்களில் ஒப்பந்த அடிப்படையிலான திட்டப் பணிகள் அடிக்கடி வரும். நிரந்தரம் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள், அங்கே கிடைக்கும் அனுபவம் அடுத்த கதவைத் திறக்கும்.

முதல் இரண்டு ஆண்டு வேலை பெரும்பாலும் மெஷ் போடுவது, அதாவது கட்டம் வெட்டுவது. அலுப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வலையில் கண்ணி அளவு தப்பினால் மீன் தப்புவது போல, கட்டம் தப்பினால் கணக்கு முழுக்கத் தப்பும். சுவரை ஒட்டி முதல் கட்டம் எவ்வளவு மெல்லிசு, கட்டத்தை இரட்டிப்பாக்கினால் விடை மாறுகிறதா, எந்தச் சோதனை அளவோடு ஒப்பிட்டாய் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருப்பவரை எந்த நேர்காணலும் லேசில் நழுவ விடாது.

ஊருக்கு இதனால் என்ன

ஏரியின் பரப்பு 450 சதுர கிலோமீட்டர் என்று வைத்து, 50 மீட்டருக்கு ஒரு கட்டம் வெட்டினால் 1,80,000 கட்டம் வரும். சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டியது என்பதால் மேலிருந்து கீழ்வரை ஒரே சராசரியாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு லேப்டாப்பே தாங்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்-3டி, பிரான்ஸின் டெலிமாக் போன்ற இதற்கான மென்பொருள்கள் மூலநிரலோடு கிடைக்கின்றன. முகத்துவாரம் திறந்திருந்தால் ஏற்றத்து நீர் எதுவரை போகும், உப்பு எவ்வளவு, இறால் குஞ்சு உள்ளே வர வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். மணல் நகர்ந்து வாய் அடைவதைச் சொல்வது மட்டும் இன்னும் கஷ்டம். நீரைக் கணக்கிடுவதைவிட மணலைக் கணக்கிடுவதில் பிழை பல மடங்கு அதிகம். ஆண்டுதோறும் வாய் அடைபட்டு, நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருந்த ஊரில், இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டாமா?

இன்னொன்று சூடான நீர். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்கள் அனல் மின்நிலையங்களிலிருந்து வரும் சுடுநீரைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். 600 மெகாவாட் யூனிட் ஒன்று, கடல்நீரை ஒரே சுற்றில் எடுத்து விட்டால், 7 டிகிரி சூடேறிய நீர் விநாடிக்குச் சுமார் 25 கன மீட்டர் வெளியே வரும். அது எங்கே போகிறது, எவ்வளவு தூரத்தில் ஆறுகிறது என்பதைத் திட்ட அறிக்கைகளில் வண்ணப் படமாகப் போடுவார்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சுருக்க அறிக்கை உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அந்தப் படத்தை நம் ஊரில் யார் படித்துச் சொல்வது?

படிக்கத் தெரிந்தவர் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஆழம் எந்த ஆண்டு அளந்தது? முகத்துவாரம் திறந்ததாக வைத்தார்களா, அடைந்ததாகவா? கடலில் தெண்டி நீரோட்டம் ஓடும் மாதமா, வன்னி நீரோட்டம் ஓடும் மாதமா? எந்த இடத்தில் அளந்த வேகத்தோடு ஒப்பிட்டார்கள்? இவற்றோடு முக்கியமான ஒன்று: சுடுநீர் லேசானது, மேலே மிதக்கும். மேலிருந்து கீழ்வரை சராசரி எடுக்கும் மாடலில் அந்தச் சூடு முழு ஆழத்துக்கும் பரப்பப்பட்டு, மேற்பரப்பில் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆழத்தையும் அடுக்குகளாக வெட்டிக் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எழுத்திலேயே கொடுங்கள்.

மாடல் எவ்வளவு பெரிதானாலும் அதற்குத் தீனி அளவீடுதான். அதை இன்றே, செலவில்லாமல் தொடங்கலாம். அடுத்த பௌர்ணமி ஏற்றத்தன்று முகத்துவாரத்தில் கரையோரம் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு நடுங்கள். மேலே ஒரு தேங்காயை மிதக்கவிட்டு, ஒரு கம்பிலிருந்து மற்றதற்குப் போக எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். வரும் வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் ஆழத்துக்கான சராசரி. ஆழத்தைத் துடுப்புக் கழியாலும், அகலத்தைக் கயிற்றாலும் பெரியவர்கள் துணையோடு படகிலிருந்தே அளங்கள், தனியாக இறங்க வேண்டாம். மூன்றையும் பெருக்குங்கள். 150 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், சராசரி 0.68 மீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 2 லட்சம் லிட்டர். தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓராண்டு முழுக்க இப்படி எழுதிய நோட்டு ஒன்று இருந்தால், பள்ளிக்கரணையில் இருக்கும் விஞ்ஞானியானாலும் அதை வாங்கிப் பார்ப்பார். எழுதுங்கள், உங்கள் பெயரை முதல் பக்கத்தில் போட்டு எழுதுங்கள்.